பச்சை கார் சிஸ்டர்

வெயில் பதினொன்றுக்கு வந்து
ஒன்றரைக்குப் போய்விடும் கோத்தகிரியில்.
அதற்குள் கழுவி, துடைத்து, தேய்த்து,
பிரைமர் வைத்துக் காயவிட்டு
பச்சையும் வைத்தாக வேண்டும்.
ஏழு மணிக்கு எனக்கு இரவு டூட்டி.

பெட்ரோல் டேங்க் கதவைக் கழற்றிக்கொண்டுபோய்
குன்னூரில் மொய்து கடையில் காட்டி
கலக்கி வாங்கிய நூறு மில்லி.
'டப்பாவுல இருக்கிறது இன்னைக்குப் பொறந்த பச்சை.
உங்க வண்டியில இருக்கிறது வெயில் தின்ன பச்சை.
ரெண்டும் ஒட்டாது, சொல்லிட்டேன்' என்றார்.
சொல்லிவிட்டுக் காசும் வாங்கிக்கொண்டார்.

மொத்தம் பன்னிரண்டு இடம்.
பானட்டில் ஒன்பது,
மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது
முன்னால் போன ஜல்லி லாரி சிந்தியவை.
பம்பருக்கு மேலே நீளக் கீறல்:
அரவேனுவில் தேயிலைக்குள்ளிருந்து இறங்கிய காட்டெருமை.
ஹாரன் அடித்தது என் தப்பு.
பின்கதவில் இருப்பது எங்கள் வீட்டு கேட்.
அதைப் பற்றி போஜராஜ் பேசுவதில்லை.
அவன் பேசாமலிருப்பதை
ஏழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இடது கதவடியில் ஒன்று மட்டும்
யார் கணக்கிலும் வரவில்லை.
ரெண்டாயிரம் நம்பர் தாளை நனைத்துத் தேய்த்தேன்.
துரு கரைந்து விரலில் வந்தது.
நடுவில் தகரம்.
அதைச் சுற்றி, பாரசிட்டமால் அகலத்துக்கு,
நீலம்.
அதற்கு வெளியேதான் எங்கள் பச்சை.

'போஜா, இங்க வாயேன்.'
வந்தான். குனிந்தான்.
எச்சில் தொட்டுத் தேய்த்தான்.
இன்னும் நீலமானது.

டாஷ்போர்டைத் திறந்து
டார்ச்சுக்கும் குடைக்கும் அடியில் கிடந்த
ஆர்.சி. புத்தகத்தை எடுத்தேன்.
நிறம்: நீலம்.

ஒன்பது வருடம்.
குஞ்சப்பனை செக்போஸ்டில்
எத்தனை தடவை நிறுத்தியிருப்பார்கள்.
'பிளாஸ்டிக் பாட்டில் இருக்கா?'
இல்லை என்போம்.
போங்க என்பார்கள்.
எங்களுக்கு விற்றவர் இப்போது கனடாவில்.
அவருக்கு விற்றவரின் பெயர்
மடிப்பில் அழிந்திருக்கிறது.

'மூடிடு' என்றான் போஜராஜ்.
மூடத்தான் உட்கார்ந்தேன்.
பழைய நெயில்பாலிஷ் பிரஷ்.
முதலில் பானட், வெயில் அங்கேதான் இருந்தது.
ஒன்பதுக்கும் வைத்து எழுந்து பார்த்தால்
மொய்து சொன்னது சரி.
நேற்றுவரை யார் கண்ணிலும் படாதவை
எண்ணிப் பார்க்கும்படி மின்னின,
அம்மை போட்ட பிள்ளை மாதிரி.
ஏழாவது பொட்டில் ஒரு கொசு இறங்கி ஒட்டிக்கொண்டது.
ட்வீசரால் எடுத்தேன்.
ஒரு கால் வரவில்லை.

ஒன்றேகாலுக்கே மேகம்
ரோட்டில் நடந்து வந்துவிட்டது.
ஜன்னல் வழியே வயரை இழுத்து
ஹேர் டிரையரைக் காட்டிக்கொண்டிருந்தேன்.
கரண்ட் போனது.
ஐந்து மணி வரை வரவில்லை.
கதவடிக்கு முறையே வரவில்லை.

இருட்டில், தூறலில்,
ஆஸ்பத்திரி கேட்டில் நின்றேன்.
வாட்ச்மேன் சங்கிலியை அவிழ்த்தபடி
உள்ளே யாரிடமோ கத்தினார்:
'பச்சை கார் சிஸ்டர் வந்தாச்சு!'

ஆமாம் என்பதுபோல்
ஹெட்லைட்டை ஒருமுறை அணைத்துப் போட்டேன்.
வண்டியின் இடது பக்கம்
சுவரை உரசாத குறையாக
நிறுத்திவிட்டு இறங்கினேன்.