நான்காம் எண் பாட்டில்

ஜூன் மாதம், ஹோபார்ட்.
மலையுச்சியில் பனி விழுந்த சேதி
கராஜ் கதவின் கீழ்ச்சந்து வழியாக
நேரே எங்கள் கணுக்காலுக்கு வந்துவிடுகிறது.
டெர்மட் காரை வெளியே தள்ளிவிட்டு
மரவேலை மேசையைத் துடைத்து வைத்திருக்கிறான்.
ஹீட்டர் ஒன்று, உப்பில்லாத பிஸ்கட்,
வாய் கொப்பளிக்கத் தண்ணீர்,
துப்புவதற்கு ஒரு நீல வாளி.
வாளியை இதுவரை யாரும் தொட்டதில்லை,
கௌரவப் பிரச்சினை.

ஐந்து பேர். ஆறு பாட்டில்
(டெர்மட்டுக்கு எப்போதும் இரண்டு).
அலுமினியத் தாள் போர்த்தி, கழுத்தில் எண் ஒட்டி
நிற்கின்றன,
அடையாள அணிவகுப்புக்குப் பிடித்துவந்த
சந்தேக நபர்களைப் போல.
எது எவருடையதென்று
டெர்மட்டின் மகளுக்கு மட்டும் தெரியும்.
அவள் தூங்கப் போய்விட்டாள்.

முதலாவதைத் திறந்ததும்
மேசையெல்லாம் நுரை ஓடியது.
'அவசரக்காரன்' என்று எழுதினார் ஹெட்லி.
இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர்,
நிறுத்தத்துக்கு நிறுத்தம்தான் பேசுவார்.
இரண்டாவதை முகர்ந்துவிட்டு
"திங்கட்கிழமை" என்றாள் கிரிலி.
பல் மருத்துவமனையில் வேலை அவளுக்கு,
கிராம்புத் தைல வாசம் வந்தால்
கை தானாகக் கையுறையைத் தேடும்.
மூன்றாவதில் ஆரஞ்சுத் தோல், பைன் பிசின்,
அப்புறம் நெடுநேரம் கசப்பு,
கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு
வாசலில் நின்று பேசும் விருந்தாளி மாதிரி.

நான்காவது.
ஒரு வாய்தான். தெரிந்துவிட்டது எனக்கு.
மழையில் நனைந்து பாதி காய்ந்த
அட்டைப்பெட்டி.
ஊற்றும்போது குழாய் நழுவி
சளசளவென்று காற்று கலந்த அந்த ஞாயிறு,
என் சமையலறை, என் கை, என் பாவம்.

பிறர் வாய் திறக்குமுன் நானே திறந்தேன்,
ஊரார் குறை சொல்லுமுன்
தன் பிள்ளையைத் தானே
நாலு சாத்துச் சாத்தும் தகப்பனாக.
"ஈர அட்டை" என்றேன். போதவில்லை.
"ஈர அட்டையில் கட்டி அனுப்பிய பழைய செருப்பு."
சிரித்தார்கள்.
ஐம்பதுக்குப் பதினொன்று போட்டு
அடியில் இரண்டு கோடும் இழுத்தேன்.
ஐல்சா மட்டும் சிரிக்கவில்லை.
புதிதாக வந்தவள், பென்சிலால்
எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது நினைவில்லை.

ஆறாவது பழுப்பு. பின்னால் டார்ச் பிடித்தால்
தேனுக்குள் விளக்கேற்றியது போல.
ரொட்டியின் கருகிய ஓரம், உலர்ந்த அத்தி,
விழுங்கிய பின் நாக்கில் ஒரு சின்னச் சூடு.
"இது பொறுமைசாலி ஒருவர் வேலை" என்றேன்,
கொஞ்சம் பொறாமையோடுதான்.
ஹெட்லி ஒன்றும் சொல்லாமல்
கோப்பையை மறுபடி நீட்டினார்.
அவர் அகராதியில் அது நீண்ட பாராட்டு.

தாள்களை உரித்தோம்.
ஆறு என்னுடையது.
நான்கு, ஐல்சாவின் முதல் பீர்.

நீல வாளிக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.
சொந்தப் பிள்ளையை யாரோ என்று கொண்டாடி
அடுத்த வீட்டுப் பிள்ளையை அடித்துத் தொலைத்த நாக்கு
வாய்க்குள் மூச்சுக் காட்டாமல் கிடந்தது.
எங்கே தொடங்குவது மன்னிப்பை?

அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்:
"அட்டை முதலிலேயே வந்ததா,
விழுங்கிய பிறகா?"
"பிறகு."
"செருப்பு?"
"செருப்பு... நான் சேர்த்தது."
அந்தச் சொல்லை
ஒரே கோட்டில் அடித்தாள்.

ஜூலை. அதே மேசை, அதே குளிர்.
இம்முறை இரண்டாம் எண்.
எவருடையதென்று யோசிக்கக் கூடாது என்று
கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.
"அட்டை இருக்கிறது. ஒரு மூலை மட்டும்.
அதற்கு முன்னால் பேரிக்காய், நல்ல பேரிக்காய்."
எங்கோ பென்சில் உரசியது.

உரித்தபோது, தாளுக்கடியில்
கையால் எழுதி ஒட்டிய சீட்டு:
செருப்பு சேர்க்கப்படவில்லை.