மூன்றாம் அறைக் கண்ணாடி

மூன்று உருப்படிக்கு மேல் உள்ளே விடமாட்டேன்.
மூன்று என்று போட்ட டோக்கனைத் தருவேன்,
எண்ணித் திரும்ப வாங்குவேன்.
உஸ்மான் ரோட்டில், இரண்டாவது மாடி,
எஸ்கலேட்டர் முடிகிற இடத்துக்கு இடப்பக்கம்
ட்ரையல் ரூம் வாசலில் என் முக்காலி.
ஊழியர் உட்காரலாம் என்று சட்டம் வந்தபின் கிடைத்தது.
கூட்டம் வந்தால் துணிதான் அதில் உட்காரும்.

அந்தப் பாசிப்பச்சைக் குர்த்தி
ஏப்ரல் கடைசியில் வந்தது. மொத்தம் இருபத்து நாலு:
எஸ் நாலு, எம் எட்டு, எல் எட்டு, எக்ஸெல் நாலு.
உடம்புகள் இந்தக் கணக்கில்தான் பிறக்கின்றன என்று
எங்கோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார்.
அவர் இந்த முக்காலியில் உட்கார்ந்ததில்லை.
எக்ஸெல் முதல் சனிக்கிழமையே தீர்ந்தது.
"இருக்கா?" என்று அதற்குப்பின் கேட்டவர்களை
நான் எண்ணவில்லை. வேறு யாரும் எண்ணவில்லை.

கொள்முதல் இருநூற்றுப் பத்து.
விலைச்சீட்டில் எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது.
நடுவில் இருப்பது கொள்ளை என்று நினைத்திருந்தேன்.
விடிய விடிய ஸ்டாக் எடுத்த ஒரு ராத்திரி
அந்த இடைவெளியை உற்றுப் பார்த்தேன்.
உள்ளே வாடகை குடியிருந்தது,
ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது,
ஜெனரேட்டர் டீசல், காணாமல்போன துப்பட்டாக்கள்,
விற்காமல் போகப்போகிற எல்லாவற்றின் நஷ்டமும்
விற்கப்போவதன் தலையில்.
ஒரு மூலையில் என் சம்பளம்,
நாலாக மடித்த கர்ச்சீப் அளவு.

கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைக்கு
எஸ் சைஸே தொளதொளத்தது.
முதுகில் பதினோரு குண்டூசி குத்தி
இடுப்பு செய்தார்கள்.
தெருவில் போகிறவர்களுக்கு முதுகு தெரியாது.
அப்படி ஓர் இடுப்பைத் தேடித்தான்
அவர்கள் மாடியேறி என்னிடம் வருகிறார்கள்.

ஒன்றாம் அறைக் கண்ணாடி உண்மை சொல்லும்.
இரண்டாவதில் ட்யூப்லைட் துடிக்கும்.
மூன்றாவது சுவரிலிருந்து விரற்கடை சாய்ந்திருக்கிறது;
அதில் எல்லோரும் ஒரு சுற்று மெலிவு.
தச்சன் செய்த பிழை. தனசீலன் சாரிடம்
இதுவரை நான் சொல்லவில்லை.
முகம் சுருங்கி வருகிறவர்களை
"மூணு காலியா இருக்கு" என்று அங்கே அனுப்புவேன்.

எல் சைஸில் ஒன்று மட்டும் தங்கிவிட்டது.
வேளச்சேரிப் பெண் ஒருத்தி அதைப் போட்டு
நாலு பக்கமும் படமெடுத்து யாருக்கோ அனுப்பினாள்.
பதில் வரவில்லை. கழற்றினாள்.
இன்னொருத்தி கழுத்தில் லிப்ஸ்டிக் தீற்றிவிட்டுப் போனாள்,
பிறை மாதிரி, ஆரஞ்சு நிறம்.

ஆடிக்கு முந்தின ராத்திரி சிவப்புக் கோடு:
எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதை அடித்து ஐந்நூற்று முப்பத்தொன்பது.
அடிக்கிற கோடு மெல்லியதாக இருக்கவேண்டும்,
பழைய விலை படிக்கக் கிடைக்கவேண்டும்.
லாபம் பார்ப்பவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள்.
அப்புறம் முந்நூற்று நாற்பத்தொன்பது.
அப்புறம் இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம்.
அந்த இலவசமாகக்கூட அது போகவில்லை.

ஹெட் ஆபீஸ் ரெஹானா மேடம் டேப்லெட்டோடு வந்தார்.
"தீபாவளி சரக்கு லாரி ஏறியாச்சு.
ஹேங்கருக்கும் வாடகை உண்டு தெரியுமில்ல?"
நாற்பத்தொரு முறை உள்ளே போய்
நாற்பத்தொரு முறை வெளியே வந்ததை
நான்தான் லேபிள் கத்தரித்து
எடைக்குப் போகும் மூட்டையில் திணித்தேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய், எனக்கு வார லீவு.
மாம்பலம் ஸ்டேஷனுக்கு ரங்கநாதன் தெருவில்
தோளால் வழி வெட்டிப் போகிறேன்.
"எதை எடுத்தாலும் நூத்தம்பது!"
கொடியில் பாசிப்பச்சை. கழுத்தில் ஆரஞ்சுப் பிறை.

கையில் கீரைக்கட்டு வைத்திருந்த பெண்
அதைச் சேலைக்கு மேலேயே மார்பில் ஒட்டிப் பார்த்தாள்.
அறை இல்லை, டோக்கன் இல்லை, கண்ணாடி இல்லை.
சுற்றுமுற்றும் தேடி என்னைப் பிடித்தாள்:
"பத்துமாக்கா எனக்கு?"

இடுப்பில் பிடிக்கும், தெரியும்.
பக்கத் தையலில் ஓர் அங்குலம் விட்டிருப்பதும் தெரியும்,
எத்தனை தடவை திருப்பி மடித்திருக்கிறேன்.
"சைடு பிரிச்சா கச்சிதம். நூத்தி இருவதுக்குக் கேளு."

கொஞ்சம் சாய்ந்து நின்றுதான் சொன்னேன் போல.
அவள் என் முகத்தையே பார்த்து
தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.