ஏழாம் எண் வலைக்கூண்டு

செவ்வாய்தோறும்
டிரான்டரின் தூண்டில் கடைக்குப் போவேன்.
அரை லிட்டர் புழு, சாயம் ஏற்றாதது.
முதல் நாள் "என்ன மீனுக்கு?" என்றார்.
"கேரட்டுக்கு" என்றேன்.
சில்லறையை இன்னொரு முறை எண்ணினார்.

மரத்தூள் டப்பாவில் புழு கூடாகும்,
கூடு ஒரு காலையில் நீலமாய்ப் பறக்கும்.
வலைக்குள் திறந்துவிட்டுத்
தாழ்போட்டு வருவேன்.
தேனீயைப் பாடுகிறவர்கள் பாடட்டும்.
இந்தக் கல்யாணங்களை முடித்துவைப்பது
குப்பைமேட்டு ஈ.

உள்ளே அறுபது செடி.
பாமியான் பக்கத்துச் சந்தையில்
யாரோ சாக்கிலிருந்து அள்ளித் தந்த விதையின்
பேரப்பிள்ளைகள்.
பழைய உறையில் ஊர்ப்பெயர் பாதி நனைந்துவிட்டது,
விற்றவர் பெயர் எழுதப்படவே இல்லை.

நவம்பரில் கிழங்கைப் பிடுங்கிப்
பலகையில் பரப்பினோம்.
கத்தரி நிறம் இருபத்தெட்டு.
மேலே ஊதா, அறுத்தால் மஞ்சள் பதினாறு.
பழைய பியானோக் கட்டை போல வெளுத்தவை பதினொன்று.
மீதி ஐந்தை என்னவென்று எழுத?
ஒன்று கால்மேல் கால் போட்டிருந்தது.

என் கை பழகிய கை.
அப்பா மணல் பீப்பாயில் கேரட் வளர்த்தார்
ஈவ்ஷாம் கண்காட்சிக்கு.
மூன்றும் அச்சில் வார்த்தாற்போல் இருந்தால்தான் கோப்பை.
நாற்பதைத் தோண்டி மூன்றை எடுப்போம்,
மற்றவை குதிரைக்கு.
அந்தக் கை கால்மேல் கால் போட்டதை
ஓரமாய் ஒதுக்கியது,
எனக்கே தெரியாமல்.

ஹலினா அதை எடுத்து வரிசையில் வைத்தாள்.
"நல்லதா என்று பார்க்காதே.
இருக்கிறதா என்று மட்டும் பார்."

அதுதான் நாற்பத்து மூன்று.

ஜூலையில் சாலையோரப் பள்ளமெல்லாம்
காட்டுக் கேரட் வெள்ளைக் குடை விரித்தது.
அதுவும் இந்த இனம்தான், சொந்தம்தான்,
ஆனால் அழையாத சொந்தம்.
ஒரு மகரந்தம் உள்ளே வந்தால் போதும்,
பாமியான் பாமியானாக இருக்காது.
வலையில் நாணயமளவு கிழிசல்.
பல் இடுக்கு நூலால் தைத்தேன்,
இரவு எழுந்துபோய்
தையலை மறுபடி தைத்தேன்.

ஐம்பத்தொன்பதும் பூத்து, காய்த்து,
குடை மடக்கிக் குருவிக்கூடாய்ச் சுருண்ட பிறகு
நாற்பத்து மூன்று மொட்டு வைத்தது.
பந்தி முடிந்து இலை எடுத்தபின்
படியேறும் விருந்தாளி போல.

ஈக்கள் செத்திருந்தன.
டிரான்டர் கடையைப் பூட்டிவிட்டு
ரில் கடற்கரைக்குப் போயிருந்தார், பதினைந்து நாள்.
ஒன்பதாம் செடியின் கடைக்கிளையில் ஒரு குடை,
ஐம்பத்திரண்டில் அரைக் குடை
இன்னும் விழித்திருந்தன.
கண்ணிமைக்கு மை தீட்டும் தூரிகையோடு
மண்டியிட்டு நடந்தேன்,
இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே.
ஈயாக இருப்பது முதுகு வலிக்கும் வேலை.

செடிக்கு ஐம்பது விதை என்பது சட்டம்.
கூடுதல் கொடுத்தவனுக்குக் கூடுதல் இடம் இல்லை.
நாற்பத்து மூன்றின் தாளைத் தட்டினேன்.
பதினொன்று.

விட்டிருக்கலாம்.
மூவாயிரத்தில் யார் எண்ணுவார்கள்?
எப்போதாவது ஒரு நூற்றாண்டில்,
கோடை தப்பிக் கோடை வரும் ஏதோ ஊரில்,
பிந்திப் பூப்பதுதான் பிழைக்கும் என்று
சொல்லவும் எனக்குத் தெரியாது.
சும்மா சோம்பலாகவும் இருந்திருக்கலாம் அது.

உறைமேல் எழுதினேன்: 2961.
உறைகுளிர் அறையின் கதவு
முத்தம்போல் ஒட்டி மூடியது.

செப்டம்பரில் டிரான்டர் கேட்டார்,
"கடைசியில் ஏதாவது சிக்கியதா?"
"பதினொன்று."
"பெரிசா?"
"இல்லை. ஆனால்
முள் இருக்கிறது."