பதினேழாம் இலக்கத் தோள்

ட்ரெவின் சேர்,
நேற்றிரவு நீங்கள் மேடைக்கு வந்து குனிந்தபோது
சனம் எழும்பி நின்று கைதட்டியது.
நான் திரைக்குப் பின்னால்
வாயில் நாலு குண்டூசியோடு நின்றேன்.
தட்ட மனம் வரவில்லை.
ஊசியைச் சாட்டாக வைத்துக்கொண்டேன்.

அந்தத் தோளை எனக்குத் தெரியும்.
வெட்டு மேசைக்கு மேலே மூன்றாவது கொளுக்கியில்
ஓரம் மழுங்கி, என் விரல் எண்ணெய் ஊறித்
தொங்கும் பதினேழாம் இலக்க அட்டை.
ஒன்பது வருடமாய் அதே தோள்,
பெயர்தான் மாறும்.
ஒரு தடவை ‘உப்பு’. ஒரு தடவை ‘மௌனம்’.
பெற்றோல் வரிசையில் ஊரே படுத்துறங்கிய வருடம்
‘மீண்டெழல்’.
அதற்காக நாங்கள் செய்ததெல்லாம்
கீழ்மடிப்பைத் தைக்காமல் விட்டதுதான்.
தைக்காத மடிப்புக்கு
நாற்பதாயிரம் கூட்டி விலை போட்டார்கள்.
ஃபர்ஹானா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்:
“அப்ப தையலே இல்லாட்டி
எவ்வளவுக்குப் போகும், ராணி அக்கா?”

பத்திரிகையில் எழுதுகிறார்கள்,
தன் மொழியில் உறுதியாய் நிற்கிறாராம்.
நிற்கிறீர்கள், சரிதான்.
மருதானைச் சந்தியில் பஸ்ஸும் அப்படித்தான் நிற்கிறது,
என்ஜின் உறும,
கொண்டக்டர் ‘போகுது, போகுது’ என்று கத்த,
உள்ளே இருக்கிறவர்கள் வேர்த்து வழிய.

நீங்கள் எப்போதும் இப்படி இருந்தவரென்றால்
எனக்கென்ன, வெட்டிவிட்டு வீட்டுக்குப் போவேன்.
முதல் வருடம்
கெய்சர் வீதிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய்
கறுப்புக் குடைத்துணி ஒரு முழுச் சுருள் வாங்கினீர்கள்.
மார்டினஸ் வீட்டுப் பெரியவர்கள் மூக்கைப் பிடித்தார்கள்:
பட்டு விற்கிற இடத்தில் குடையா?
பதினாறு கீற்று. நடந்தால் விரியும்,
நின்றால் மழை விட்டதுபோலச் சுருங்கும்.
ஒத்திகையில் இடது கை
மூட்டோடு பிய்ந்து தரையில் விழுந்தது.
நான் நடுங்கிப்போனேன்.
நீங்கள் அதன் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து
கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.
“விடு ராணி, அதுக்கு அங்க இருக்க விருப்பமில்ல.”
பிய்ந்த இடத்திலிருந்தே புதுத் தோளொன்றை
சிகரட் பெட்டி மட்டையில் வரைந்தீர்கள்.

அதுதான் பதினேழு.

இப்போது எதுவும் பிய்வதில்லை.
என் முறைப்பாடு அவ்வளவுதான்.

இந்தத் தடவை ஒன்று செய்தேன், சொல்லாமல்.
ஆறாவது உடுப்புக்கு
அட்டையை இரண்டு விரல் பின்னால் தள்ளி வெட்டினேன்.
அளவு பார்க்கிற அன்று
அந்தப் பிள்ளையைச் சுற்றி வந்தீர்கள்,
காதில் ஃபோன், துபாய்க் கடையின் கண்ணாடி பற்றிய கதை.
கை தோளுக்குப் போனது.
விரல் ஒரு கணம் தயங்கியது, நான் பார்த்தேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
ஏசுங்கள், கிழித்து எறியுங்கள்,
யாரடா இதை வெட்டியது என்று கேளுங்கள்.
“பெர்ஃபெக்ட்” என்றீர்கள்.
ஒன்பது வருடமாய் அதே சொல்.

நானும் சுத்தமில்லை, சேர்.
நீங்கள் பென்சில் எடுக்க முன்னமே
என் கத்தரி அந்த வளைவில் திரும்பிவிடுகிறது.
மகனின் டியூஷன் காசு
அந்தத் தோளில் ஏறித்தான் வீட்டுக்கு வருகிறது.
அதனால்தான் இதை வாயால் சொல்ல இவ்வளவு காலம்.
இப்போதும் வாயால் சொல்லவில்லை, பாருங்கள்.

இன்று ஆறரைக்கே வந்துவிட்டேன்.
ரோஸ்மீட் பிளேஸில் ராத்திரி மழை,
காவல்காரர் இன்னும் குளித்து முடிக்கவில்லை.
வெட்டு மேசையின் ஒரு கால் எவ்வளவு நாளாய் ஆடுகிறது,
உங்களுக்கும் தெரியும்.
பதினேழை நாலாய் மடித்து
அடியில் வைத்துவிட்டேன்.
மேசை இப்போது ஆடவில்லை.
வெள்ளைத் தாள் விரித்திருக்கிறேன்.

கோபம் வந்தால் ஏசுங்கள்.
ஆனால் தயவுசெய்து,
புதுசாய் ஒரு சொல் தேடி எடுத்து.