எதெல்வினாவுக்குத் தரவேண்டியது

ஐந்தாம் தேதி சம்பளம் வரும்.
அன்றிரவே மிரேயா நோட்டைத் திறப்பாள்.
வாடகை, காஸ், மாவு, உருளைக்கிழங்கு,
பஸ்தியான் மூச்சோடு உறிஞ்சும் மருந்து,
என் பேருந்துக் காசு.
எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில்
தோன்யா எதெல்வினா, பதினைந்தாயிரம் பெசோ.

யாரென்று கேட்டேன்.
அம்மா விட்டுப்போன கடன் என்றாள்.
அக்கரையில், போர்வெனீரில் இருக்கிறாளாம்.
தவணை ஒருநாள் தப்பினாலும்
படகேறி வந்து வாசலில் நிற்கும் ரகமாம்.

படகு என்றால் என் படகுதான்.
புந்தா அரேனாசுக்கும் போர்வெனீருக்கும் நடுவே
மகெல்லன் ஜலசந்தியில் போய்வரும் அதற்கு
கயிறு வீசிக் கட்டுகிறவன் நான்.
கைப்பையை நெஞ்சோடு அணைத்து இறங்கும்
ஒவ்வொரு பெண்ணையும் ஒருமுறை கூர்ந்து பார்ப்பேன்:
இவளாக இருக்குமோ.

பிள்ளைக்கு மூச்சு இரைக்கத் தொடங்கிய ஜூனில்
மிரேயா தையற்கடை வேலையை விட்டாள்.
இரண்டு சம்பளம் ஒன்றாயிற்று.
அந்த ஒன்றும் இருபதாம் தேதிக்குள்
தண்ணீரில் மறந்துவிட்ட சோப்புத்துண்டு.
குளிர்கால காஸ் பில் கையைக் கடித்தது,
மறுமாதம் கடிக்கக் கையே இல்லை.
அப்போதும் எதெல்வினாவுக்குப் போயிற்று.
அவளை வைதபடியே பீரை நிறுத்தினேன்.
சனிக்கிழமை இறைச்சி
ஒன்றுவிட்டொரு சனிக்கிழமை ஆனது.
மிரேயா தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டாள்,
இடப்பக்கம் சற்றே ஏறிப்போய்விட்டது.
ஒரு மாதம் பாதித் தவணைதான் முடிந்தது.
நோட்டின் ஓரத்தில் எழுதியிருந்தாள்:
“எதெல்வினாவுக்குக் கோபம்.”

ஒரு மதியம் அக்கரையில் காத்திருக்க நேர்ந்தது.
ரொட்டிக்கடைக்காரியிடம் விசாரித்தேன்.
பிறகு தபால் நிலையத்தில்.
பிறகு தேவாலயப் படியைக் கூட்டிக்கொண்டிருந்தவரிடம்.
அப்படி ஒருத்தி இங்கே இல்லை,
இருந்ததும் இல்லை.

திரும்பும் வழியெல்லாம் காற்று.
கம்பியைப் பிடித்தபடி என்னென்னவோ நினைத்தேன்.
நினைத்தவற்றை எழுத மாட்டேன்.
வீட்டில் அவள்
உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள்.
தோல் அத்தனை மெல்லியது,
அடியில் விரித்த செய்தித்தாளின் எழுத்து அதனூடே தெரிந்தது.
நான் கேட்கவில்லை.

மார்ச்சில், அலை தூக்கிய நொடியில்,
கயிறு என் மணிக்கட்டை முறித்தது.
மருத்துவ விடுப்புக் காகிதம்
மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டேயிருந்தது.
ஏப்ரல் ஐந்து. ஒன்றும் வரவில்லை.
மிரேயா நோட்டைத் திறந்தாள், வழக்கம்போல.
முதல் வரியில் எதெல்வினா, வழக்கம்போல.
ஆனால் வரவுப் பக்கத்தில்.

பால்பவுடர் டின்னை மேசைமேல் கவிழ்த்தாள்.
இருபத்தொரு தவணை, ஒன்று பாதி.
மூன்று லட்சத்து ஏழாயிரத்து ஐந்நூறு.
“சேமிப்பு என்று எழுதினால் நீ கேட்பாய்” என்றாள்.
“நானும் கொடுத்துவிடுவேன்.
கடன்காரியிடம் போய் யார் கேட்பது?”

சிரிக்க வேண்டிய இடம்.
சிரித்தேன்.
போர்வெனீரில் விசாரித்ததைச் சொல்லவில்லை.
கம்பியைப் பிடித்தபடி நினைத்ததையும்.
பஸ்தியான் ஆயிரம் பெசோ தாள்களை
தரையில் ரயில்பெட்டிகளாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

வாடகை, காஸ், மருந்து போக
டின்னில் நான்காயிரம் மிஞ்சியது.

ஜூன் ஐந்தாம் தேதி நோட்டை நான் திறந்தேன்.
இன்னும் சரியாக மடங்காத கையால்
முதல் வரியைக் கோணலாக எழுதினேன்:
தோன்யா எதெல்வினா, பதினாறாயிரம்.

மிரேயா எட்டிப் பார்த்தாள்.
“கூடுதல் ஆயிரம் எதற்கு?”

“வட்டி.”