எந்த மூன்று?

மொகோட்லோங்குக்கு மேலே, வண்டிப் பாதை தீர்ந்து
குதிரை மட்டும் ஏறும் மேட்டில்
இரவு ஏழு மணிக்குத்தான் பள்ளி.
பகல் ஆடுகளுடையது.

பத்தொன்பது வருடம் வங்கியில்
ஊரார் பணத்தைப் பைசா பிசகாமல் எண்ணியவள்,
கணக்கு எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில்
சம்பளமில்லா விடுப்பும் இரண்டு பெட்டி சுண்ணக்கட்டியுமாக
லெசோத்தோ வந்திறங்கினேன்.

பத்து இடையர்கள்.
போர்வையைத் தோளில் பெரிய ஊக்கால் பூட்டி
பன்னிரண்டு வயது கோட்சோ முதல்
மீசை முற்றிய மொலேஃபி வரை.
ரப்பர் பூட்ஸில் அப்பிய பனி
மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் கரையக் கரைய
அறை முழுக்க ஈரக் கம்பளி வாசம்.

எழுதினேன்:
நாற்பது ஆடுகள். மூன்றைக் காணோம். மீதி எத்தனை?

வெகுநேரம் யாரும் பேசவில்லை.
பிறகு கோட்சோ:
"எந்த மூன்று, ம்மே?"

எந்த மூன்றானால் என்னப்பா.

அவர்கள் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார்கள்,
தெரியாத ஊரில் வழி கேட்டவளுக்குச் சொல்வதுபோல.
சினை ஆடென்றால் மூன்று மூன்றல்ல.
முன்னால் நடக்கும் கிடா போனதென்றால்
இருட்டுவதற்குள் இன்னும் பத்து போகும்.
நரியா, பனியா, திருட்டா?
காதில் யார் வெட்டு?

ட்செடிசோ மட்டும்
பலகையைப் பார்க்காமல் ஊக்கைத் திறந்து திறந்து மூடினான்.
அவனுடைய வருடக் கூலி பன்னிரண்டு ஆடு.
போன குளிர்காலம் மூன்று தொலைத்தவன்.
மொலேஃபி என் பக்கம் குனிந்து
"விடை முப்பத்தேழு" என்றான்,
"எல்லோருக்கும் தெரியும். எழுதத்தான் தெரியாது.
அழித்துவிடுங்கள்."

அழித்தேன். ஆட்டுக்குப் பதிலாக மாம்பழம் வைத்தேன்.
யாரும் பார்த்ததில்லை.
ஆடு அதைத் தின்னுமா என்று ஒருவன் கேட்டான்.
கடைசியில் பீச் பழத்தில் வந்து நின்றோம்.
அது எல்லார் வீட்டுப் பின்னாலும் காய்க்கிறது,
தொலைந்தால் யாரும் யாரையும் அடிப்பதில்லை.

ஜூலையில் எட்டும் ஒன்பதும்.
இம்முறை அவர்கள் எழுந்து நின்றார்கள்.
பத்து விரலையும் விரித்து
இரண்டை மடக்கினால் ரோபெடி,
ஒன்றை மடக்கினால் ரோபொங்.
எண்ணின் பெயரே அதுதான், மடக்கியது.
இருப்பதை அல்ல,
இல்லாததைச் சொல்லி எண்ணுகிறார்கள்.

அன்றிரவு தூக்கமில்லை.
ஒன்பது,
பத்தை எட்டாமலே பத்தின் சாயலைப் பேரில் வைத்திருப்பது.
தொண்ணூறு,
நூறாகுமுன்பே நூறைச் சுமந்து திரிவது.
நாற்பத்து நான்கு வருடம் என் வாயில் கிடந்த சொற்கள்.
உள்ளே ஒரு விரல் மடங்கியிருந்ததை
ஒருநாளும் பார்த்தேனில்லை.

மறுநாள் சொல்லிக்காட்டினேன்.
சியபாட்டா இரண்டு முறை முயன்று
"ஒம்போது" என்றான்.
திருத்த வாயெடுத்து விட்டுவிட்டேன்.
நானும் அப்படித்தான் சொல்வேன்,
பலகை இல்லாத இடத்தில்.

மயிர் கத்தரித்து முடிந்த நவம்பரில்
மந்தைகள் மேல்மலைக்கு ஏறின.
ட்செடிசோ சொல்லிக்கொண்டு போகவில்லை.
வேறு முதலாளி, வேறு மந்தை.
பேர் வாசித்தேன். யாரும் "இல்லை" என்று சொல்லவில்லை.
கோட்சோ மேசைமேல் இரு கையையும் விரித்து
சுண்டுவிரலை மடக்கினான்.

மாத அறிக்கையில் வருகைக்கு ஒரு சின்னக் கட்டம்.
9 என்று போட்டுவிட்டு, கட்டத்துக்கு வெளியே,
ட்செடிசோ மேலே போயிருக்கிறான்,
முப்பத்தொரு ஆடுகள், இரண்டு சினை,
என்று எழுதி அனுப்பினேன்.

தலைநகர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது:
எண் மட்டும் போதும்.

விளக்குக் கண்ணாடியைத் துடைத்தேன்.
திரி குட்டையாகிவிட்டது.
இங்கே யாரிடம் திரி கிடைக்கும் என்று
நாளை மொலேஃபியைக் கேட்கவேண்டும்.