கேள்வி பத்தொன்பது

முதல் வள்ளத்தைப் பிடிக்க
அனலைதீவில் நாலரைக்கே விளக்குகள் எரிகின்றன என்பதை
முதல் வீட்டிலேயே குறித்துக்கொண்டேன்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.
ஓரத்தில், பென்சிலால்.

இருபத்தாறு கேள்விகள்.
என்ன நோய், எந்த ஆண்டிலிருந்து,
சென்ற மாதம் எத்தனை தரம் ஆசுபத்திரி,
எதில் போனீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள்.
ரூபாயில். சதம் வேண்டாம்.

இராசமலர் விரல் மடித்துச் சொன்னார்:
"வள்ளம், ரெண்டு பேருக்கு.
ஊர்காவற்றுறையிலையிருந்து பஸ், ரெண்டு பேருக்கு.
பெரியாசுபத்திரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலைதானே,
அதாலை ஓட்டோக் காசு மிச்சம்.
ரத்தம் சோதிச்சது வெளியிலை, ரசீதைத் துலைச்சுப்போட்டன்.
தேத்தண்ணி ரெண்டு, வடை ஒண்டு.
வடை நான் சாப்பிட்டதெண்டு எழுதுங்கோ."
குணநாயகம் கட்டுப்போட்ட காலை
கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

மருந்துக்கு?
"மருந்து சும்மாதானே பிள்ளை."

சும்மா கிடைப்பதை எடுத்துவரப் போன காசை
மனதுக்குள் கூட்டினேன்.
அவர்கள் அதை எனக்கு முன்பே கூட்டியிருந்தார்கள்.
மார்கழியிலும் தையிலும் கிளினிக் கொப்பியில் திகதி இல்லை.
"டாக்குத்தரிட்டைக் கடல் கொந்தளிப்பெண்டு சொன்னனாங்கள்"
என்றார் இராசமலர்.
சன்னலுக்கு வெளியே கடல்
குற்றத்தை ஏற்றுக்கொண்டு கிடந்தது.

கேள்வி பத்தொன்பது:
நோயாளியுடன் சென்றவர் இழந்த நாட்கூலி.
"எனக்கு ஆர் பிள்ளை கூலி தாறது?"
புகையிலைக்குத் தண்ணி கட்டுவது,
ஆட்டுக்குக் குழை முறிப்பது,
புண்ணுக்கு இரண்டு வேளை துணி மாற்றுவது
எல்லாம் அவர்தான்.
பூச்சியம் என்று எழுதினேன்.
வட்டம் கொஞ்சம் கோணலாக வந்தது.

யாழ்ப்பாணத்தில், மூன்றாம் மாடியில்,
சத்தம் போடும் மின்விசிறிக்குக் கீழே
இருநூற்றுப் பதினொரு வீடுகளும் ஒரு கணினிக்குள் போயின.
பத்தொன்பதாம் நிரலில்
மேலிருந்து கீழே பூச்சியங்கள்,
கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல.
"பாத்தீங்களா," என்றார் ஒருங்கிணைப்பாளர் சத்தியரூபன்,
"தீவுகளிலை நோய் மலிவு."

அவர் கெட்டவர் அல்லர்.
கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

அன்றிரவு பென்சில் குறிப்புகளோடு
இராசமலருக்குத் தொலைபேசி எடுத்தேன்.
உங்களுக்குப் பதிலாக ஒரு கூலியாள் வைத்தால்?
"ஆள் கிடைச்சாலெல்லோ!"
நெடுநேரம் சிரித்தார்.
பிறகு சிரிக்காமல் ஒரு தொகை சொன்னார்.
வீடு வீடாக மறுபடி கேட்டோம்.
மூன்று கிழமை.
பூச்சியங்கள் ஒவ்வொன்றாகக் கிணற்றை விட்டு ஏறி வந்தன.

ஒரு காலின் விலையையும் கணக்கிட வேண்டியிருந்தது.
முழங்காலுக்குக் கீழே ஒரு நிரல்,
மேலே இன்னொன்று.
அந்தப் பிற்பகல் நான் தேநீர் குடிக்கவில்லை.

எட்டாம் பக்கம், தடித்த எழுத்தில்:
நோயாளிகள் கடல் தாண்டுவதைவிட
மாதம் ஒருநாள் ஒரு மருத்துவரும் ஒரு தாதியும்
வள்ளம் ஏறுவது மலிவு.
பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது.
பதினான்கு மாதங்களுக்குப் பின், எதிர்பாராத ஒரு செவ்வாயில்,
தீவின் ஆசுபத்திரிக்கு அவர்கள் வந்து இறங்கினார்கள்.
ஆறு மாதத்துக்கு மட்டும், பரீட்சார்த்தமாக.

குணநாயகத்துக்கு அதற்குள் இரண்டு விரல்கள் போய்விட்டன.
இரண்டாம் சுற்றில் எனக்குக் கதவு திறந்தவர் அவர்தான்.
"உங்கடை கணக்கு முடிஞ்சுதோ?" என்று கேட்டார்,
கோபமில்லாமல்.
இல்லை என்றேன்.

கடைசி அட்டவணையில் ஒரு நிரல் உண்டு:
தவிர்க்கப்பட்ட இழப்புகள்.
எண்கள் மட்டும், பெயர்கள் இல்லை.
எவருக்கு என்ன நடக்காமல் போனதென்று
எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

திரும்பும் வள்ளத்துக்குக் காத்திருந்தபோது
யாரோ ஒருவர் உரப்பையோடு இறங்குதுறையில் கால் வைத்தார்.
முதலில் வலது.
பிறகு, எதையும் யோசிக்காமல்,
இடது.